ஊருக்குள் நம்முடைய தொலைபேசி: வைஃபை வழிப் பேச்சு, கேள்வி பதில்

கேள்வி (மேலூர் பக்கத்து ஊர்): நூலகம், பள்ளி, பால் சொசைட்டி, ரேஷன் கடை நான்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ள என்ன வாங்க வேண்டும், ஐயா?

நான்கில் உயரமான கட்டடத்தின் மாடியில் ஒரு செக்டர் ஆன்டெனா (அகலமான கோணத்தில் அலை பரப்புவது). மற்ற மூன்றிலும் அதைப் பார்த்தபடி 5 கிகாஹெர்ட்ஸ் சிபிஇ (எதிர்முனையின் ரேடியோப் பெட்டி) ஒவ்வொன்று. மையத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, அதில் அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள். பழைய லேண்ட்லைன் போன் இருந்தால் அதை இந்த வலையோடு இணைக்கும் ஏடிஏ பெட்டி வழியே மாட்டலாம். கைப்பேசிக்கு லின்போன் செயலி போதும். இணைய இணைப்பே தேவையில்லை.

கேள்வி (மதுரை ஒத்தக்கடை): ஆனைமலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு லிங்க் எடுக்குமா?

நேராக எடுக்காது, முழுப் பாறை. இரு பக்கமும் தெரிகிற ஒரு மாடியை மலையின் ஓரத்தில் தேடி, அங்கே இரண்டு ரேடியோ வைத்துத் திருப்புங்கள். சமணப் படுகைகளும் கல்வெட்டுகளும் உள்ள மலை அது. மேலே கம்பம் நடும் யோசனையே வேண்டாம்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிலோமீட்டர் லிங்க்கில் நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி ஐந்து மீட்டராவது வெற்றிடம் வேண்டும். தென்னந்தோப்பு அதற்குள் நுழைந்தால், காய்ந்த நாளில் நன்றாக ஓடும் லிங்க் மழையில் மட்டை நனைந்ததும் விழும். சிக்னல் வலிமை மைனஸ் 65 டிபிஎம்மைவிட மோசமானால் (மைனஸ் 70, 75 என்று இறங்கினால்) கம்பத்தை உயர்த்துங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): வேகம் 20 எம்பி காட்டுகிறது, ஆனால் ஐந்து பேர் பேசினாலே குரல் உடைகிறதே?

வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குரலை எண்களாக்கும் ஜி.711 கோடெக்கில் ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ்தான்; ஆனால் நொடிக்கு 50 பாக்கெட் (குரலின் சிறு துண்டுகள்). இருதிசைக்கும் 100. சிபிஇயிலிருந்து செக்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து அடுத்த சிபிஇக்கு ஒருமுறை என்று ஒவ்வொன்றும் இரண்டு தடவை காற்றில் போகிறது. ஐந்து அழைப்புக்கு நொடிக்கு 1,000 ஒலிபரப்பு. பாக்கெட் எவ்வளவு சிறியதானாலும் ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்தாக வேண்டும். பாக்கெட் இடைவெளியை 20 மில்லிநொடியிலிருந்து 40 ஆக்குங்கள், எண்ணிக்கை பாதியாகும். சிக்னல் மோசமான ஒரே ஒரு சிபிஇ எல்லோருடைய நேரத்தையும் தின்னும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மெஷ் (ஒரு முனை அடுத்த முனைக்குக் கைமாற்றும் வலை) போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஒற்றை ரேடியோ மெஷ்ஷில் மூன்று தாவல் போனால் கொள்ளளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். நம் ஊர்களுக்கு மையத்திலிருந்து விரியும் அமைப்பே நல்லது.

கேள்வி (உசிலம்பட்டி): ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. சில அழைப்புகள் அரை நிமிடத்தில் அறுந்துவிடுகின்றன.

இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: நடுவில் ஒரு ரௌட்டர் நாட் (NAT, முகவரி மாற்றம்) செய்கிறது. போனை எடுத்ததற்கான உறுதிச் செய்தி உரிய முகவரிக்குப் போய்ச் சேராததால், 32 நொடியில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. அந்த ரௌட்டரில் டிஹெச்சிபியை (தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN) துளையிலிருந்து லான் (LAN) துளைக்கு மாற்றினால், முகவரி மாற்றாத வெறும் அக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். மாற்ற முடியாவிட்டால் அதிலுள்ள சிப் ஏஎல்ஜி (SIP ALG) அமைப்பை அணைத்து, ஆஸ்டரிஸ்க்கில் டைரக்ட் மீடியா (direct_media) அமைப்பை நிறுத்தி, ஆர்டிபி சிமெட்ரிக் (rtp_symmetric) அமைப்பை இயக்குங்கள்.

கேள்வி (திருமங்கலம்): கரண்ட் போனால்?

8 வாட் இழுக்கும் முனைக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி, பாதி வரை மட்டும் வடியவிட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். பாதிக்கு மேல் வடியவிட்டால் பேட்டரி சீக்கிரம் கெடும். ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு திடீர் மின்வெட்டில் பழுதாகலாம், அதனால் லாக் (பதிவு) கோப்புகளை ராம் (RAM) நினைவகத்தில் எழுதவிடுங்கள். ஐப்பசி இடிக்கு முன் கம்பத்துக்கு எர்த்தும் கேபிளுக்கு சர்ஜ் தடுப்பும் கட்டாயம்.

கேள்வி (அழகர்கோவில் சாலை): இதிலிருந்து வெளி செல்போனுக்கும் பேசும்படி சிம் கேட்வே மாட்டலாமா?

கூடாது. உரிமமில்லாமல் பொதுத் தொலைபேசி வலையோடு இணைப்பது குற்றம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் 2018-இல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது அலைவரிசைக்கு மட்டுமே, சேவை நடத்துவதற்கு அல்ல. பல நிறுவனங்களைச் சேர்ப்பதாக இருந்தால், தொடங்குமுன்பே தொலைத்தொடர்புத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தப் போனில் 108, 112 ஆகிய அவசர எண்கள் போகாது. அதை ஒவ்வொரு கருவியின் மேலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். ஆபத்து நேரத்தில் யாரும் இதை எடுத்து நிமிடங்களை இழக்கக்கூடாது.