புலி கூடிருச்சு, காடு கூடலையே!

கேள்வி: புலி எண்ணிக்கை ஏறிட்டேதான் போகுதுன்னு நியூஸ்ல சொல்றாங்க. அப்புறமும் ஏன் சார் காடு காடுன்னு கத்திட்டே இருக்கீங்க?

பதில்: ஏறுது, யாரு இல்லன்னா? 2006 கணக்குல நாடு முழுக்க 1,411, 2022ல 3,682. ஆனா புலி கூடுன வேகத்துக்கு காடு கூடலையே. குட்டி ரெண்டு வயசு வரைக்கும்தான் தாய் கூட இருக்கும், அப்புறம் தனக்குன்னு ஒரு எல்லையைப் பிடிக்க கிளம்பியாகணும், அதுவும் ஆண் குட்டின்னா பெரிய ஆண் புலி இருக்கற இடத்துல காலம் தள்ளவே முடியாது, அடிச்சே துரத்திரும். அப்போ அது காப்பகத்தைத் தாண்டி ஓடைக்கரை, எஸ்டேட் ஓரம்னு நடந்துதான் அடுத்த காட்டுக்குப் போகணும். இந்த வழியைத்தான் காரிடார்ங்கறாங்க. இதுல லேஅவுட்டும் ரிசார்ட்டும் முளைச்சா புலி ஊருக்குள்ளதான் வரும், நாம "புலி அட்டகாசம்"னு போடுவோம். ராஜஸ்தான்ல சரிஸ்கா கதை தெரியுமில்ல? வேட்டைல புலி மொத்தமும் காலி, 2008ல ரந்தம்பூர்ல இருந்து ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்து விட்டாங்க. எல்லா காட்டுக்கும் ஹெலிகாப்டர் அனுப்ப முடியுமா என்ன.

கேள்வி: அதுக்காக ரோடே போடக்கூடாதா?

பதில்: போடலாம், எப்படிப் போடறோம்ங்கறதுதான் விஷயம். மகாராஷ்டிராவுல பென்ச் காடு பக்கம் என்ஹெச் 44ஐ சில இடத்துல பாலமா தூக்கிக் கட்டி கீழ மிருகம் போக வழி விட்டாங்க, புலி அதுல நடந்து போறது கேமராவுலயே பதிவாயிருக்கு. பந்திப்பூர்ல இன்னும் சிம்பிள், 2009ல இருந்து ராத்திரி 9 டூ காலைல 6 காட்டு வழியா போற ரோட்டு கேட்டை மூடிருவாங்க, ஆம்புலன்ஸும் குறிப்பிட்ட சில பஸ்ஸும்தான் விதிவிலக்கு. இதுக்கு இன்னமும் எதிர்ப்பு இருக்கு, என்னைக் கேட்டா மூடறதுதான் சரி.

கேள்வி: காட்டுல இருக்கற மக்களை வெளியேத்தினாத்தான் புலி பொழைக்குமாமே?

பதில்: அப்படி ஒண்ணும் இல்ல. கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலைல சோளகர் ஜனங்களுக்கு 2011லயே வன உரிமை குடுத்தாச்சு, அது புலிகள் காப்பகமாவும்தான் இருக்கு.

கேள்வி: முதுமலை பச்சைப்பசேல்னு இருக்கு, அதுல என்ன குறை?

பதில்: அந்தப் பச்சைல பாதி எதுன்னு பாத்தீங்களா? உண்ணிச்செடி! வெள்ளைக்காரன் அழகுக்குன்னு கொண்டு வந்த செடி, இப்போ புதர் புதரா மண்டிக் கிடக்கு. அது கீழ புல்லு வளராது, புல்லு இல்லன்னா மான் இல்ல, ஒரு புலிக்கு வருஷத்துக்கு அம்பது மான் அளவுக்காவது இரை வேணும்ல. வெட்டினா போயிரும்னு நினைக்காதீங்க, வெட்ட வெட்ட தளிர் விடும். மண்ணுக்குக் கீழ வேர்க்கட்டைல வெட்டி தலைகீழா கவுத்துப் போடணும், அதுவும் காய் பழுக்கறதுக்கு முன்னாடி, இல்லன்னா பழத்தைத் தின்ன குருவியே விதையை காடு பூரா தூவிரும். அந்த இடத்தை சும்மாவும் விடக்கூடாது, நாட்டுப் புல்லு விதையைப் போட்டு, மறுபடி முளைக்கற உண்ணியை அடுத்தடுத்த வருஷமும் போய்ப் பிடுங்கணும்.