ஏர் பிஸ்டல் போட்டியில் எக்விப்மென்ட் சோதனைக்கு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: மகள் முதல்முறையாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குப் போகிறாள். பிஸ்டல், உடை, கண்ணாடிக்கு என்னென்ன விதிகள்? எதில் மாட்டிக்கொள்வோம்?

பெரும்பாலும் ட்ரிக்கரில்தான். நான் மாட்டியதும் அதில்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சர்வதேச சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் எடை, அதாவது ட்ரிக்கரை விழ வைக்கத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது. கூடுதலாக இருந்தால் தடையில்லை, ஆனால் கனமான ட்ரிக்கரை யார் விரும்புவார்கள்? எல்லோரும் 500-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள், வம்பும் அங்கேதான். சோதனை எளிது. மேசைமேல் 500 கிராம் எடை ஒன்று இருக்கும். பெல்லட் (குண்டு) போடாமல் பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயாராக லீவரை இழுத்து வைத்து), குழல் நேராக மேலே பார்க்கும்படி பிடித்து, எடையின் கொக்கியை ட்ரிக்கரில் மாட்டித் தூக்க வேண்டும். எடை மேசையை விட்டு எழ வேண்டும், ட்ரிக்கர் விழக்கூடாது. மூன்று முறை முயலலாம்.

என் முதல் மாநிலப் போட்டிக்கு முந்தைய நாள் இரவு, பெட்டி தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசில் அளந்தேன். 505 காட்டியது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலையில் அந்த மேசையில் டிக், டிக், டிக். மூன்று முறையும் விழுந்தது. பின்னால் வரிசையில் இருபது பேர். முன்பின் தெரியாத ஒரு பையனிடம் ஆலன் கீ வாங்கித் திருகைக் கொஞ்சம் முறுக்கி மறுபடி வரிசையில் நின்று தேறினேன். ஆனால் விரலுக்குப் பழகாத ட்ரிக்கரோடு சுட்டேன், முதல் பத்து குண்டில் 84. மீதியைச் சொல்லவில்லை.

பிறகு யோசித்ததில் இரண்டு தவறு புரிந்தது. வீட்டில் டிரை ஃபையர் நிலையில், அதாவது காற்று வெளியேறாமல் ட்ரிக்கரை மட்டும் பழகும் நிலையில், வைத்து அளந்திருக்கிறேன். போட்டியில் காற்று வெளியேறும் நிலையில்தான் அளப்பார்கள். தவிர, சோதனை மேசையில் கொக்கியை ட்ரிக்கரின் கீழ் நுனியில் மாட்டினேன். அது நெம்புகோல் மாதிரி, நுனிக்குப் போகப் போகச் சிறிய எடைக்கே விழுந்துவிடும். நடுவில்தான் மாட்ட வேண்டும், விதியும் அதுதான். தராசை நம்பாமல் ஒரு சோதனை எடையே வாங்கிவிடுங்கள். 510, 520 என்று வைத்துப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதில் பழகட்டும். சுட்டு முடித்த பிறகும் சிலரைக் கூப்பிட்டு அளப்பார்கள். அங்கே ட்ரிக்கர் லேசாக இருந்தால் திருகு முறுக்கி சமாளிக்க முடியாது, தகுதி நீக்கம்தான்.

மற்ற அளவுகளுக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மொத்த எடை 1500 கிராமுக்குள் இருக்க வேண்டும், 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். போட்டிக்கென்றே செய்த பிஸ்டல்கள் ஏறக்குறைய ஒரு கிலோதான் இருக்கும். கிரிப்பை (கைப்பிடியை) நாமே செதுக்கினால்தான் பெட்டி இடிக்கும்.

கிரிப்பில் கொஞ்சம் விவரம் இருக்கிறது. கையில் கச்சிதமாக உட்கார, மரப்புட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, ஆளாளுக்குச் சிற்பவேலை செய்வார்கள். அனுமதி உண்டு. ஆனால் கிரிப்பின் எந்தப் பாகமும் மணிக்கட்டைத் தொடக்கூடாது. உள்ளங்கையின் அடியில் வரும் பாம் ஷெல்ஃப் மேல்நோக்கி வளையக்கூடாது. 10 மீட்டர் தள்ளி, பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை ஒற்றைக் கையில், வேறு தாங்கல் இல்லாமல் அடிப்பதுதான் இந்த விளையாட்டே. மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்தால் அப்புறம் என்ன மிச்சம்? சுடும் கையில் வாட்ச், வளையல், பேண்ட் எதற்கும் இடமில்லாததும் இதனால்தான். கோயில் கயிறு கட்டியிருந்தால் அதையும் முன்பே கழற்றிவிடுவது நல்லது. மகளுக்குக் கை சிறியது என்றால் புட்டியில் இறங்காமல் சின்ன அளவு கிரிப்பே வாங்குங்கள்.

கண்ணாடிக்கு அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் திகெச் சாதாரணப் பவர் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கினார். சுடுவதற்கென்றே விற்கும் லென்ஸ் சட்டகமெல்லாம் கட்டாயமில்லை, விருப்பம். லென்ஸ் முகத்தில் இருக்கலாம், பிஸ்டலில் பொருத்தக்கூடாது. பிஸ்டலில் லென்ஸ் இல்லாத திறந்த சைட் (குறிபார்க்கும் அமைப்பு) மட்டும்தான். குறி வைக்காத கண்ணை மறைக்கும் தகடு 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள், பக்கவாட்டு மறைப்பு 40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஷூ கணுக்கால் எலும்பை மூடக்கூடாது. கூடைப்பந்து ஷூவில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜீன்ஸ் வேண்டாம், டிராக் பேண்ட் போதும்.

மாற்று பிஸ்டல் கிடைத்தால் அதையும் சேர்த்தே சோதனையில் காட்டிவிடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் நடுவில் உடைந்தது. நிமிடங்கள் கரைந்து, 575 புள்ளியோடு பைனல் நூலிழையில் போனது. அந்த அளவில் விளையாடுபவருக்கே இது நடக்கிறது.

கடைசியாக, காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். அதன் ஆயுள் பத்து வருடம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் இன்றைக்கே பாருங்கள். பிஸ்டல் காலி என்று காட்டக் குழலுக்குள் செருகும் சேஃப்டி ஃப்ளாக் குழலின் முழு நீளத்துக்கும் போய் வெளியே தெரிய வேண்டும். பெட்டியில் இரண்டு வையுங்கள், ஒன்று எப்படியும் தொலைந்துவிடும்.