"ஏன் தாத்தா கவிழ்க்கணும்?"

கேள்வி: பேத்தி தொடக்கநிலை 6 படிக்கிறாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, அந்தக் காலத்தில் எங்கள் வாத்தியார் சொன்னபடி, "இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்றேன். "ஏன் தாத்தா?" என்றாள். விழித்தேன். மகனோ, "தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ வருகிறது, இப்போது போய் ஏன், எதற்கு என்று உட்கார்ந்தால் ஆகுமா?" என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தாத்தா, ஈசூன்

பதில்: பேத்திதான் ஐயா. நீங்கள் விழித்ததற்கு வெட்கப்பட வேண்டாம். வருஷக்கணக்கில் கணக்கு டீச்சராக இருந்த நானும் விழித்திருக்கிறேன். "முதல் பின்னத்தை ஏன் கவிழ்க்கக் கூடாது?" என்று ஒரு பையன் கேட்டான். "ரூல் அப்படி, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த வாரத் தேர்வில் ஏழெட்டுப் பேர் முதல் பின்னத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவனும்தான்.

பேத்தியைச் சமையலறைக்குக் கூட்டிப்போங்கள். கிண்ணத்தில் முக்கால் கப் அரிசி, கையில் அரைக் கப் அளவை. "இதால் எத்தனை தடவை அள்ளலாம்?" என்று கேளுங்கள். ஒரு தடவை அள்ளியதும் கால் கப் மிஞ்சும். அநேகமாக "ஒன்றே கால்" என்பாள். உடனே திருத்திவிடாதீர்கள். மிஞ்சியதை அந்த அரைக் கப்பில் கொட்டச் சொல்லுங்கள். பாதிதான் நிரம்பும். மிஞ்சியது கால் கப் என்பது உண்மைதான். ஆனால் நாம் எண்ணுவது எத்தனை கப் என்று இல்லை, எத்தனை தடவை என்று. அது அரைத் தடவை. ஆக, ¾ ÷ ½ = 1½. பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். ரூலை மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

சரி, கவிழ்ப்பது ஏன்? ஒரு முழுக் கப்பில் அரைக் கப் 2 தடவை வரும். முக்கால் கப் என்றால் அந்த 2-இல் முக்கால் பங்கு. ½-ஐக் கவிழ்த்தால் கிடைக்கும் 2 அதுதான். அளவை ⅔ கப்பாக இருந்தால், ஒரு கப்பில் ஒன்றரைத் தடவை, அதாவது 3/2.

அப்புறம் அதையே தாளில் நீளப் பெட்டியாக வரையட்டும். பள்ளியில் 'மாடல்' என்கிறார்களே, அது. 1980களில் கணிதக் கல்வியாளர் கோ டெக் ஹொங் தலைமையிலான குழு இங்கே சிங்கப்பூரிலேயே உருவாக்கியது. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்ற வரிசையில் நடுப்படி அது. சில டியூஷன்களில் அதையும் மனப்பாடச் சூத்திரமாக்கி விடுகிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

உங்களிடம் இன்னொரு சரக்கும் இருக்கிறது, ஐயா. 'அரைக்கால்' என்று சொல்லியிருப்பீர்களே! காலில் அரை, எட்டில் ஒன்று. பெருக்கல் பெயரிலேயே இருக்கிறது. 'ஒன் எய்த்' என்றே படித்தவளிடம் சொல்லிப் பாருங்கள்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: 2009 முதல் பிஎஸ்எல்இ கணித இரண்டாம் தாளில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். வகுப்பதை அது செய்துவிடும். எதை எதால் வகுப்பது என்று அது சொல்லாது. ஆனால் தேர்வுக்கு முதல் வாரம் அரிசியைக் கொட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அப்போது மகன் கத்தினால் நான் அவர் பக்கம்.

கேள்வி: புரிந்து படிக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் வாய்பாடு மனப்பாடம் வேண்டாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டும், கட்டாயம் வேண்டும். விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு யோசிக்க நேரம் ஏது? ஆனால் 7 × 8 மறந்து போனால் முதலிலிருந்து ஒப்பிக்க விடாதீர்கள். 7 × 7 தெரியுமா, இன்னொரு 7 சேர்த்துக்கொள் என்று விடுங்கள்.