எல்லா கார்டுலயும் ஒரே விலை வருதே!

கேள்வி: அண்ணா, நான் காவேரிப்பட்டணம். எங்க மாங்கா மண்டிக்கு லாரவெல்ல (பிஎச்பில வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க்) வெப்சைட் பண்றேன். செந்தூரா, பெங்களூரா, நீலம்னு ஒவ்வொரு ரகத்துக்கும் போட்டோ, பேரு, கிலோ விலை போட்ட கார்டு ஒண்ணு இருக்கு, அத தனி ஃபைலாக்கி முகப்புலயும் ஆர்டர் பக்கத்துலயும் இன்க்ளூட் பண்ணி, அதாவது அப்படியே உள்ள சேத்து வச்சிருக்கேன். முகப்புல சரியா வருது, ஆர்டர் பக்கத்துல மட்டும் எல்லா கார்டுலயும் ஒரே விலை, அதுவும் ஆயிரக்கணக்குல. ஏன்? இந்த ஃபைலையெல்லாம் எப்படி பிரிச்சு வைக்கறது?
– கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, ஆர்டர் பக்கத்துல மொத்தத் தொகைக்கும் 'ப்ரைஸ்'னே வேரியபிள் (மதிப்ப போட்டு வைக்கற பெட்டி) பேரு வச்சிருப்பீங்க, பாருங்க. இன்க்ளூட் பண்ணா அந்தப் பக்கத்துல இருக்கற வேரியபிள் அத்தனையும் கார்டுக்குள்ளயும் போயிடும், நீங்க கிலோ விலைய அனுப்ப மறந்தாலும் எரர் வராது, கையில கிடைச்ச மொத்தத் தொகைய எடுத்து காட்டிடும். எரர் வந்தா கூட உடனே சரி பண்ணிடலாம், தப்பு விலை சத்தமில்லாம வாங்கறவங்க கண்ணுக்குப் போகுது பாருங்க, அதான் ஆபத்து.

அதனால கார்ட காம்பொனன்ட்டா, அதாவது வேணுங்கற இடத்துல கூப்பிட்டுக்கற தனித் துண்டா மாத்திடுங்க. பக்கங்களோட ஃபைல் இருக்கற வியூஸ் ஃபோல்டருக்குள்ள காம்பொனன்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு கார்டு ஃபைல அங்க வச்சா ஃபைல் பேருக்கு முன்னாடி எக்ஸ் போட்டு ஹைஃபன் வச்சு எச்டிஎம்எல் டேக் மாதிரியே கூப்பிடலாம், 2020ல வந்த லாரவெல் 7ல இருந்து இந்த வசதி இருக்கு. இதுக்குள்ள நீங்க அனுப்பறது மட்டும்தான் போகும், விலைய விட்டுட்டா அங்கயே எரர் வந்து நிக்கும். கார்டு ஃபைலோட முதல் வரியில ப்ராப்ஸ்ல (கார்டுக்கு வெளிய இருந்து வரவேண்டியதோட பட்டியல்) பேரு, விலை, போட்டோன்னு எழுதிடுங்க, ஆறு மாசம் கழிச்சு வேற யார் தொறந்தாலும் எதையெல்லாம் அனுப்பணும்னு தெரிஞ்சிடும். ஒண்ணு கவனம், வேரியபிள அனுப்பறப்ப ப்ராப் பேருக்கு முன்னாடி கோலன் (:) போடணும், இல்லன்னா அது வெறும் எழுத்தா போயிடும்.

ஃபோல்டர் விஷயம் ரொம்ப யோசிக்காதீங்க. தலைப்பு, மெனு, அடிப்பகுதி எல்லாம் லேஅவுட்ல (எல்லா பக்கத்துக்கும் பொதுவான சட்டம்), நாலு இடத்துல வர்றது காம்பொனன்ட்ஸ்ல, ஒரே பக்கத்துக்கு மட்டும் ஆகறது அந்தப் பக்கத்தோட ஃபோல்டர்லயே இருக்கட்டும். எல்லாத்தையும் காம்பொனன்ட் ஆக்கணும்னு அவசியமே இல்ல.

இன்னொண்ணு, கார்டுக்குள்ள டேட்டாபேஸ் கொயரி (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கற கட்டளை) எழுதவே எழுதாதீங்க, நாப்பது ரகம் காட்டுனா நாப்பது தடவ ஓடும், சீசன் நேரத்துல சைட்டு திணறிடும். ரகம், விலை எல்லாத்தையும் பக்கத்துக்கு வேண்டிய தகவல தயார் பண்ற கன்ட்ரோலர் ஃபைல்லயே ஒரே தடவையா எடுத்து அனுப்பிடுங்க.