பறித்தால்தான் காய்க்கும்
வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

மாடியில் ஆறு பைகளில் வெண்டை வைத்திருக்கிறேன். ஒரு நாள் நாலு காய், இன்னொரு நாள் ஆறு காய் என்று வருகிறது. பொரியலுக்குச் சேரட்டும் என்று செடியிலேயே விட்டால் முற்றிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குத் தரலாம் என்றால், நாலே நாலு காயை எப்படிக் கொடுப்பது என்று கூச்சமாக இருக்கிறது. (வாசகி, பொள்ளாச்சி)

செடியில் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். வெண்டைச் செடிக்கு விதை முற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு காய் முற்றி விதை கட்டிவிட்டால் சத்தெல்லாம் அங்கே போய்விடும், மேலே புதுப் பூ எடுப்பது குறைந்துவிடும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். பூ மலர்ந்த ஐந்தாறு நாளில் காய் பதத்துக்கு வந்துவிடுகிறது. பறித்த காயின் நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் தாமதமாகப் பறித்திருக்கிறீர்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் காம்போடு கத்தரித்து, கழுவாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குள் பொரியலுக்குச் சேர்ந்துவிடும்.

நாலு காய் என்று கூச்சப்படவே வேண்டாம். சாம்பாருக்கு நாலு வெண்டைக்காய் தாராளம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்காவும் நானும் விதை போடும் முன்பே பேசிக்கொள்வோம். அவர் கத்தரியும் மிளகாயும் போடுவார், நான் வெண்டையும் தக்காளியும். இரண்டு வீட்டிலும் ஒரே காயைப் போட்டால், வந்தால் இரண்டு வீட்டிலும் மலிந்து கிடக்கும், இல்லையென்றால் இரண்டு வீட்டிலும் இருக்காது. அடுத்த முறை உங்கள் ஆறு பைகளில் மூன்றில் முதலில் விதை போட்டு, மற்ற மூன்றில் இருபது நாள் கழித்துப் போட்டுப் பாருங்கள். முதல் செடிகள் ஓயும்போது அடுத்தவை காய்க்கும், கொடுப்பதிலும் இடைவெளி விழாது.

சித்திரையில் போட்ட கொடி அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. மூன்று மாதமாக ஒரு பூ கூட இல்லை. பிடுங்கிவிடலாமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

வேண்டாம் ஐயா, தயவுசெய்து பிடுங்காதீர்கள். உங்கள் கொடிக்கு நோய் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பழைய கொடி அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூவெடுக்கும். சித்திரை, வைகாசியில் பகல் நீளம். அப்போது எத்தனை உரம் வைத்தாலும் இலைதான் வரும். அதனால்தான் பெரியவர்கள் இதை ஆடியில் போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுத்து, மார்கழியும் தையும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வருஷம் முழுக்க அவரை வேண்டுமென்றால் குத்து அவரை போடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ருசிக்குக் கொடி அவரைதான் என்பேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

இப்போதைக்குக் கொடியின் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரட்டும். இலைச் செழிப்புக்கான உரத்தை நிறுத்துங்கள். மண்புழு உரமும் சாம்பலும் போதும். மார்கழிப் பனியில் பூங்கொத்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். எறும்பு வரிசை கொடியில் ஏறுவதைப் பார்த்தாலே அது வந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி உதிர்ந்துவிடும்.

காய்க்கத் தொடங்கினால் ஒரு வீட்டால் தின்று தீர்க்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் திருவாதிரைக் களிக்கு ஏழு காய்க் கூட்டும், பொங்கலுக்கு மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட குழம்பும் வருகின்றன. ஏழு காயும் யார் வீட்டிலும் விளையாது. அவரை உள்ளவர் அவரை கொடுப்பார், பூசணி உள்ளவர் ஒரு கீற்று கொடுப்பார். உங்கள் பந்தல் அந்தக் குழம்புக்குத்தான் தயாராகிறது. பொறுத்திருங்கள்.

சுரைக்காய் விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி அழுகி விழுகிறது. பூச்சியா? (வாசகி, விருதுநகர்)

பெரும்பாலும் பூச்சி இல்லை, மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ வெள்ளையாக, சாயங்காலம் மலரும். அதைத் தேடி வருவது அந்திப் பூச்சிகள். மாடித் தோட்டம் என்றால் அங்கே அவை வராமல் போகலாம், அப்போது நீங்கள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆண் பூவுக்கு நீளமான காம்பு, அடியில் ஒன்றும் இருக்காது. பெண் பூவுக்கு அடியில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் புதிதாய் மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மூன்று பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் ஆண் பூ மட்டுமே வரும், அதற்குக் கவலைப்படாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுரைக்காயை யாருக்குக் கொடுத்தாலும் முதலில் அந்தக் கொடியின் காய் ஒன்றை நறுக்கி, நுனி நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியின் காயை நீங்களும் சாப்பிடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். கசப்புச் சுரையில் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி வரை கொண்டுபோகும். அதைச் சாறாகக் குடித்து உயிர் போனவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். நல்ல காய் என்று நம்பித்தான் பக்கத்து வீட்டார் உங்களிடம் வாங்குகிறார்கள். பெறுகிறவர்களிடமும் ‘கசந்தால் கொட்டிவிடுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

வேப்பெண்ணெய் அடித்த காயைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

அடித்த அன்றே பறிக்காதீர்கள். பறிக்க வேண்டியதைப் பறித்துவிட்டு, அன்று சாயங்காலம் அடியுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல். அடுத்த பறிப்பை நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.

அடுக்ககத்தில் இருக்கிறோம். மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று சங்கத்தில் ஒரே சண்டை. இன்னொரு பக்கம், வைத்த மிளகாயையும் தக்காளியையும் யாரோ கேட்காமல் பறித்துக்கொண்டு போகிறார்கள். (வாசகர், வேளச்சேரி)

தளத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலப் பை ஒன்று நனைந்த பிறகு 15 கிலோவுக்குக் குறையாது. எல்லாவற்றையும் நடுத்தளத்தில் கூட்டி வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரங்களில் வையுங்கள். தளத்தில் ஒட்ட வைக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ வைத்தால் அடியில் காற்றோடும், ஈரம் காயும், பெருக்கவும் முடியும். மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மட்கிய தொழு உரமும் கூட்டினால் எடை இறங்கும். நார்க்கழிவுக் கட்டியை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுங்கள்.

பறிக்கிறவர்களைப் பிடிக்க கேமரா வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். படிக்கட்டுப் பக்கம் இரண்டு பெரிய தொட்டிகளில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வைத்து, ‘எல்லோருக்கும்’ என்று எழுதி ஒட்டுங்கள். கறிவேப்பிலையை ஒடிக்க ஒடிக்கத்தான் துளிர்க்கும், ஆகவே நஷ்டம் கிடையாது. தண்ணீர் ஊற்றும் முறையை வீட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் உரிமையோடு பறிப்பார், மற்றவர் தொட்டியைத் தொடவும் யோசிப்பார். முதல் பறிப்பில் ஒரு பங்கை, எதிர்த்துப் பேசியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முற்றியதையும் சொத்தையையும் தள்ளிவிட்டு, உங்கள் வீட்டுக்கு எடுத்து வைக்கும் அதே தரத்தில் கொடுக்க வேண்டும்.

அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் வீட்டிலேயே வருகிறது. தினமும் வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்குவதை நிறுத்தினேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. (வாசகி, சேலம்)

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. வாங்குங்கள். முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று நீங்கள் போடாததை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் விற்கும் நேரத்தில், அவர் விற்கும் கீரையையே நீங்கள் தெருவில் இலவசமாகக் கொடுத்தால் அடிபடுவது அவர் பிழைப்பு. உங்களிடம் மிஞ்சும் கீரையை அவர் வராத நாளில் கொடுங்கள். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுங்கள், மறுபடி மறுபடி தழையும். எந்த மண்ணுக்கு எந்தக் கீரை, எப்போது பூச்சி விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

காயைக் கொடுப்பதோடு விதையும் கொடுக்க ஆசை. எதை, எப்படி எடுத்து வைப்பது? (வாசகர், தென்காசி)

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரக விதையில் வந்த செடியிலிருந்து எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை வேறு மாதிரி வரும். நாட்டு ரகமாக இருந்தால் எடுக்கலாம். முதலில் சொன்னேனே, பறிக்காவிட்டால் செடி ஓயும் என்று? அதனால் எல்லாச் செடியிலும் ஒவ்வொரு காயை விடாமல், நோய் தொடாத, நன்றாகக் காய்த்த ஒரு செடியை விதைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வெண்டை, அவரையைச் செடியிலேயே காயவிட்டு உடைத்து எடுக்கலாம். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, மேலே ஆடை கட்டியதும் அலசினால் வழவழப்பு போய் விதை தனியாக அடியில் தங்கும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். சுரை, பூசணி, பீர்க்கு போன்ற கொடிக்காய்கள் பக்கத்தில் உள்ள தன்னினத்தோடு கலந்துவிடும். பக்கத்தில் பேய்ச்சுரை என்னும் கசப்புச் சுரை இருந்தால் அந்தச் சுரை விதையை யாருக்கும் தராதீர்கள்.

பொட்டலத்தின் மேல் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன காய், எந்த மாதம் எடுத்தது, எந்தப் பட்டத்தில் போடுவது. கொடி அவரை என்றால் ‘ஆடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவர் சித்திரையில் போட்டுவிடக் கூடாது.