முகம் கழுவும்போது சுவரைப் பிடிக்கிறீர்களா?

தடுமாற்றம் வருகிறதே, இது நடுக்குவாதமாக (பார்க்கின்சன் நோய்) இருக்குமோ என்று பயந்து வேலூரில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது நடுக்குவாதம் மாதிரித் தெரியவில்லை. அந்த நோயில் பலருக்குக் கையெழுத்து போகப் போகச் சிறுத்துவிடும். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவில்தான் இருக்கின்றன. நடக்கும்போது கை வீச்சும் குறையும். 64 வயதில் மூத்தோர் தடகளத்தில் 800 மீட்டர் ஓடுகிறவருக்கு அது குறைந்திருந்தால், உடன் ஓடுகிறவர்கள் எப்போதோ சொல்லியிருப்பார்கள்.

கழுத்தில் சொடக்குச் சத்தம் வருகிறது என்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினால் மட்டும் சொல்லுங்கள். காலையில் சட்டென்று எழுந்தால் ஒரு நொடி கிறுகிறுப்பதற்குப் பிரஷர் மாத்திரை காரணமாக இருக்கலாம். படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்காவிட்டால் ஆயுசு குறைவு என்று வாட்ஸ்அப்பில் வந்ததா? அது 2022இல் வெளியான பிரேசில் ஆய்வு. நிற்க முடியாதவர்களிடையே இறப்பு அதிகம் இருந்தது உண்மை. அவர்களுக்குச் சர்க்கரையும் பருமனும் அதிகம் இருந்ததை வாட்ஸ்அப் சொல்லாது.

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். விடியுமுன் கோட்டை மைதானத்தில் ஓடினால் தடுமாறுகிறது, வெளிச்சம் வந்ததும் சரியாகிவிடுகிறது. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் நாலு வீடு தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் இருந்து போகும் உணர்வு என்று மூன்று வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. உங்களுக்குக் காலில் இருந்து போகிற தகவல் மங்கியிருக்கிறது. கண்தான் அதை ஈடுகட்டுகிறது. இருட்டிலோ சோப்பு நுரையிலோ அதுவும் இல்லாதபோது ஆடுகிறீர்கள். பத்து வருடமாகச் சர்க்கரை, அத்தனை காலமும் அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. சர்க்கரை கால் நரம்பைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் நீண்ட நாளில் வைட்டமின் பி12 சத்தைக் குறைக்கலாம். பி12 குறைவை நாள் தள்ளாமல் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். விட்டுவைத்தால் தண்டுவடம் வரை போகும். அதனால் இந்த வாரமே போங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கா, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே போனாலும் முதலில் தேவை பி12, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ரத்தப் பரிசோதனைகள். அப்புறம், அதிரும் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூளை ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். திடீரென்று பேச்சு குழறி, ஒரு பக்கம் தளர்ந்து தடுமாறினால் கதை வேறு. அப்போது எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் தலைசுற்றல் மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அட்டையில் சின்னரிசின் என்று இருக்கிறதாம். வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் நடுக்குவாதம் போலவே கை நடுங்கி நடை இறுகலாம். எதற்குப் பயந்தீர்களோ அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? எழும்போது வரும் அந்த ஒரு நொடிக் கிறுகிறுப்பு தவிர உங்களுக்குத் தலையே சுற்றவில்லை. நண்பர் சொன்ன 'நரம்பு ஊசி'யும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வரை வேண்டாம்; அதில் பி12 இருந்தால், போட்டுக்கொண்டதும் பி12 அளவு ஏறி, பரிசோதனை பொய் சொல்லும்.

அடுத்தது பயிற்சி. ஓடுகிற எனக்கு எப்படி சமநிலை குறையும் என்கிறீர்கள். ஓட்டம் என்பது முன்னோக்கி ஒரே சீராக எட்டு வைப்பது. சட்டென்று திரும்புவது, நிற்பது, பக்கவாட்டில் கால் வைப்பது எதுவும் அதில் இல்லை. சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் ஒரு விரல் மட்டும் மேடையில் இருக்கட்டும், பிறகு அதையும் எடுங்கள். அப்படியே நின்றபடி தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், அப்போதுதான் கணுக்கால் வேலை செய்வது தெரியும். முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடும்படி சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடப்பது, கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து மெதுவாக எழுவது, இவையும் வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது செய்தால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். இந்த வகைப் பயிற்சிகள் முதியோர் விழுவதைக் கால் பங்கு அளவுக்குக் குறைக்கின்றன. கண்ணை மூடிச் செய்வதை மட்டும் இப்போது தொடாதீர்கள்.

பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஓடச் சொன்ன யூடியூப்காரருக்கு உங்கள் பாதம் பற்றி என்ன தெரியும்? செருப்பு கழன்றதே தெரியாத காலுக்கு முள் குத்துவதும் தெரியாது, நம்ம ஊர் வெயிலில் கொதிக்கும் மணல் சுடுவதும் தெரியாது. ஷூ போட்டே ஓடுங்கள். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

போட்டியை விட வேண்டுமா என்பதைப் பரிசோதனை முடிவு வந்த பிறகு பேசலாம். அதுவரை மைதானத்தில் தரை நன்றாகத் தெரிகிற வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த சின்னரிசின் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.