நூறு கோடியில் மிஞ்சிய ஒன்று

கேள்வி: சார், ஒன்றுமே இல்லாததிலிருந்து பொருள் எப்படி வந்தது?

பொருள் இல்லாமல் இருந்திருக்கலாம், ஆற்றல் இருந்தது. ஆற்றல் பொருளாவதை ஆய்வகத்திலேயே பார்க்கிறோம். வலுவான காமா கதிர் ஒன்று அணுக்கருவை ஒட்டிப் போகும்போது கதிர் மறைந்து, ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும். இப்படிப்பட்ட எதிர்த்துகள்களால் ஆனதுதான் எதிர்ப்பொருள். அந்த முதல் ஆற்றல் ஏது என்று கேட்டால், அதற்கு மேல் எல்லாமே ஊகம்தான்.

கேள்வி: ஜோடியாகத்தானே பிறக்கின்றன? அப்போ எதிர்ப்பொருள் எங்கே போயிற்று?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். கணக்கு நேராகியிருந்தால் இன்று வெறும் வெளிச்சம்தான் இருந்திருக்கும். எங்கோ ஒரு சின்னப் பிசகு: எதிர்த்துகள் நூறு கோடி என்றால், துகள் ஏறக்குறைய நூறு கோடியே ஒன்று. ஜோடிகள் எல்லாம் அழிந்தபின் மிஞ்சிய அந்த ஒன்றுதான் நட்சத்திரமும் கடலும் உங்கள் கையிலுள்ள காபி டம்ளரும். இன்றும் ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கு மேல் ஒளித்துகள்கள் பிரபஞ்சத்தில் திரிகின்றன.

பிசகு வர என்னென்ன வேண்டும் என்று 1967-ல் சோவியத் இயற்பியலாளர் சகாரவ் மூன்று நிபந்தனைகள் எழுதினார். அதில் ஒன்று, பொருளும் எதிர்ப்பொருளும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடக்கக் கூடாது. 1964-லேயே அமெரிக்க இயற்பியலாளர்கள் குரோனினும் ஃபிட்சும், பிறந்த கணத்தில் சிதைந்துவிடும் கேயான் என்ற நுண்துகளில் அந்த வித்தியாசத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் இதுவரை அளந்த வித்தியாசம், மிஞ்சிய அந்த ஒன்றை விளக்கப் போதவே போதாது. மீதி, எதனோடும் எளிதில் மோதாத நுண்துகளான நியூட்ரினோவிடம் இருக்கும் என்பது என் பந்தயம்.

கேள்வி: எதிர்ப்பொருள் தனி கேலக்ஸியாக எங்காவது ஒதுங்கியிருக்குமோ?

இருந்தால் எல்லையில் உரசல் நடந்து காமா கதிர் கொட்டும். அப்படி எதுவும் தென்படவில்லை.

கேள்வி: புரோட்டானும் ஒருநாள் அழியும் என்கிறார்களே?

புரோட்டான் போன்றவற்றின் மொத்தக் கணக்கு மாற இயற்கை இடம் தரவேண்டும் என்பது சகாரவின் இன்னொரு நிபந்தனை. அப்படியானால் புரோட்டானும் சிதையலாம். 1980-களில் கோலார் தங்கவயலில் (தலைமுறைகளாகத் தமிழர்கள் இறங்கிய அதே சுரங்கம்) தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, புரோட்டான் சிதைகிறதா என்று ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள். சில தடயங்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள், பின்னால் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. ஜப்பானில் நிலத்தடியில் உள்ள சூப்பர் காமியோகாண்டே என்ற கருவி இன்னும் தண்ணீர்த் தொட்டியோடு காத்திருக்கிறது.

கேள்வி: எதிர்ப்பொருளால் நமக்கு ஆபத்து உண்டா?

வாழைப்பழம் சாப்பிடுவீர்களா? அதிலுள்ள பொட்டாசியத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரான் வெளிவரும். பயப்படாமல் உரியுங்கள்.